பொரித்தட்டில் உட்கார்ந்த க்ளே

1. கறுப்பில் கீறல்

விஜயதசமி காலை. பழங்காநத்தத்தில் நான் வேலை பார்க்கும் கார் டீடெய்லிங் கடையின் ஷட்டருக்கு வெளியே, முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் இன்னும் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே மங்கையர்க்கரசி டீச்சரின் கறுப்பு கார். பின் கதவுக்கடியில் குத்தவைத்துத் தார்ப்புள்ளி எடுத்துக்கொண்டிருந்த நான் எழுந்து, இடுப்பை நிமிர்த்தி, செக்கிங் லைட்டை பானெட் பக்கம் திருப்பினேன்.

வட்டம் வட்டமாகக் கீறல். சின்னதும் பெரியதுமாய், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, யாரோ சாவகாசமாக உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துவிட்டுப் போன மாதிரி.

வெள்ளை கார் பதவியில் இருப்பவர் மாதிரி. எத்தனை கீறல் இருந்தாலும் வெளியே காட்டாது. கறுப்பு கார் குடித்துவிட்டு வந்தவன் மாதிரி. வெளிச்சத்தில் நிறுத்தினால் போதும், எல்லாவற்றையும் தானே ஒப்பித்துவிடும். அன்றைக்கு அது ஒப்பித்துக்கொண்டிருந்தது.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் கடை முதலாளி காசியண்ணன் நின்றார். நெற்றி நிறைய விபூதி, கையில் க்ளே, முகத்தில் அருள்.

"எப்படி மாப்ள நம்ம கைராசி?" என்றார். அவர் கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், க்ளே போடுவதில் அப்படி என்ன சூட்சுமம் இருக்கிறது என்று என்னைக் கேட்பதுண்டு. கேட்கும்போதெல்லாம் அந்த பானெட்தான் கண்ணில் வந்து நிற்கும். ஆகவே அதையே எழுதிவிடுகிறேன்.

2. கேரி பேக் பரீட்சை

காரைக் கழுவினால் மேலே உட்கார்ந்த தூசி போகும். ஒட்டிக்கொண்டது போகாது. மதுரையில் நிற்கிற காரின் மேல் மதுரையே ஒட்டியிருக்கும். ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள், பாலம் கட்டுகிற இடத்துச் சிமெண்ட், வெயிலில் இளகிய தார், வேப்பமரம் சிந்திய பிசின். கண்ணுக்கு பளபளவென்றுதான் இருக்கும். கையில் ஒரு மெல்லிய கேரி பேக்கை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள், அப்போது தெரியும். விரல் நுனிக்குப் புதிதாக ஒரு காது முளைத்ததுபோல் ஒவ்வொரு பொடியும் கேட்கும்.

அதை எடுக்கத்தான் க்ளே. பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற களிமண் மாதிரியே இருக்கும். ஒரு துண்டு பிய்த்து, அடை தட்டுவதுபோல் உள்ளங்கையில் தட்டி, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். முதலில் சர்ர்ரென்று முனகும். அடுத்தடுத்த ஓட்டத்தில் முனகல் தேயும். கடைசியில் ஒரு மௌனம் வரும், கை ஏதோ தண்ணீரின் மேல் போவதுபோலப் போகும். நான் எந்த வேலையிலும் தரித்தவன் இல்லை. பிரஸ், கொரியர், செல்போன் கடை என்று கால் ஓரிடத்தில் நிற்காமல் திரிந்தவன். அந்த மௌனத்துக்காகத்தான் இங்கே தங்கிவிட்டேன்.

அழுக்கானால் க்ளேயை மடித்துப் பிசைந்து புதுமுகம் காட்ட வேண்டும். கீழே விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தரையில் இருக்கிற ஒரே ஒரு மணல் அதில் ஏறினால் போதும், அதன் பிறகு அது க்ளே இல்லை, உப்புத்தாள். இந்த விதி காசியண்ணனுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். கீழே விழுந்ததை எடுத்து ஊதிப் பார்ப்பார். மிட்டாய் என்று நினைப்பு.

டீச்சர் ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால் வந்தார். கே.கே. நகரில் இருக்கிறார். வரலாறு பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், காரைத் தானே ஓட்டுவார், ஹாரன் அடிக்கமாட்டார். கண்ணாடியை இறக்கி ஆளைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார். அவர் கையில் கேரி பேக்கை மாட்டித் தடவச் சொன்னேன்.

"என்ன தம்பி இது, ரவையக் கொட்டி வச்சாப்ல இருக்கு" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகளைத்தான் மகளாக வைத்திருந்தார். இதே காரில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அந்தப் பெண்ணுக்கு விஜயதசமிக்கு மறுநாள் வளைகாப்பு. புகுந்த வீடு எங்கள் கடைக்கு ரெண்டு தெரு தள்ளி. வளையல் அடுக்கி முடித்ததும் பிரசவத்துக்காகச் சோழவந்தானில் உள்ள தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். பெரியம்மா காரில்தான் வருவேன் என்று பெண் சொல்லிவிட்டாள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அவள் அப்பா, கறுப்பு வண்டி நல்ல காரியத்துக்கு ஆகாது, வெள்ளை வண்டி வாடகைக்குப் பிடிக்கிறேன் என்று குதித்திருக்கிறார். போனிலேயே டீச்சருக்கும் அவருக்கும் சண்டை நடந்து, கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெண்ணை ஏற விடுவாராம்.

"அந்தாளு வண்டியச் சுத்திச் சுத்தி வந்து பாப்பாரு தம்பி. ஒரு சின்னக் குறை கெடைச்சாலும் அபசகுனம்னு வெள்ள வண்டியக் கூப்புட்டுருவாரு. குனிஞ்சா அவரு மூஞ்சி அவருக்குத் தெரியணும். அம்புட்டுத்தான்."

பேச்சில் சிரிப்பு இருந்தது. சாவியைக் கொடுத்த கை மட்டும் அதை உடனே விடவில்லை.

3. டப்பாவா வேலை பார்க்குது?

ஆயுத பூஜை என்றால் காசியண்ணனைப் பிடிக்க முடியாது. பிரஷர் வாஷருக்குச் சந்தனம் குங்குமம். வாக்குவம் கிளீனருக்குச் சந்தனம் குங்குமம். பாலிஷ் மெஷின், பக்கெட், டீ வாங்குகிற பிளாஸ்க் எல்லாவற்றுக்கும் வைத்தார். அடிக்கடி மக்கர் பண்ணுகிற கம்ப்ரஸருக்கு மட்டும் இரண்டு பொட்டு. அதை அவர் பிரார்த்தனையாக வைத்தாரா லஞ்சமாக வைத்தாரா என்று தெரியவில்லை.

அதோடு நிற்கவில்லை. புது க்ளேயை டப்பாவிலிருந்து உரித்து எடுத்தார். நமக்குச் சோறு போடுவதே இதுதான் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொட்டு வைத்து, பொரித்தட்டில், குவித்திருந்த பொரியின் உச்சியில், சுண்டலைப் பார்த்தவாக்கில் உட்காரவைத்தார்.

"டப்பாவுக்கு வச்சாப் போதும்ணே" என்றேன்.

"டப்பாவா மாப்ள வேலை பாக்குது?"

சரி, அது சாமியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், டீச்சர் காருக்கு வேறு துண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை காரைக் கழுவி வைத்துவிட்டு நான் பின்பக்கம் தாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விஜயதசமியன்று முதல் கை முதலாளி கையாக இருக்க வேண்டும் என்பது அண்ணனின் நம்பிக்கை. கார் பக்கம் கை வைத்துப் பல காலம் ஆனவர், எனக்குத் தெரியாமல், பூஜைத் தட்டிலிருந்த அதே க்ளேயை எடுத்து, பொட்டு மேலேயே இருந்தால் காரில் ஒட்டுமே என்று உள்பக்கமாக மடித்துப் பிசைந்து, பானெட்டில் ஓட்டிவிட்டார். ஓட்டினாரா, அதுவும் நேர்கோட்டில் இல்லை. கோயிலை வலம் வருவது மாதிரி வட்டம் போட்டு.

அவர் கையிலிருந்ததை வாங்கி இரண்டாகப் பிய்த்தேன். குங்குமம் ஒரு சிவப்பு ரேகையாக உள்ளே ஓடியது. அதை ஒட்டி, லைட்டில் மினுக்கிக்கொண்டு, மணல்.

பொரியை மணலில் போட்டுத்தான் வறுக்கிறார்கள். எவ்வளவு சலித்தாலும் கொஞ்சம் தங்கிவிடும். பொரி தின்ற பல் எல்லாவற்றுக்கும் அந்த நறநற தெரியும்.

"சாமிக்குப் படைச்சது மாப்ள. அது போயி கீறுமா?"

"சாமி கீறலண்ணே. பொரி கீறிருச்சு."

4. முதலாளி லைட் பிடித்தது

அண்ணன் அதிர்ச்சியிலிருந்து வெளியே வந்ததும் யோசனைக்குப் போய்விட்டார். க்ளேஸ் போட்டு மூடிவிடலாம் என்றார். க்ளேஸ் என்பது கீறலுக்குப் பவுடர் அடிப்பது மாதிரி. பள்ளத்தை நிரப்பிப் பளபளப்புக் காட்டும், இரண்டு தண்ணீர் பட்டால் பல்லிளிக்கும். நாளை ஒரு நாள் தாங்கினால் போதுமே என்பது அவர் கட்சி. வருகிற ஆள் உச்சி வெயிலில் சுற்றி வந்து, தோள்துண்டால் ஒரு தேய் தேய்த்தால் என்ன ஆகும் என்பது என் கட்சி. மெஷின் போட்டு பாலிஷ் பண்ணித்தான் எடுக்க வேண்டும் என்றேன். நாள் கிழமையில் முழு நாளும் ஒரே காரா என்று அவர் இழுத்தார்.

இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாயங்காலம் வரவேண்டிய டீச்சர் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம்.

நேராக பானெட்டுக்குப் போனார். ஹேண்ட்பேக்கிலிருந்து கேரி பேக் எடுத்து மாட்டித் தடவினார். வழுக்கிக்கொண்டு போனது. முகம் மலர்ந்தது. பிறகு குனிந்தார். மலர்ந்தது அப்படியே நின்றது.

"இது என்ன தம்பி, கோலமா?"

அண்ணன் ரோட்டுத் தூசி, காலாவதி ஷாம்பு, கம்பெனி பெயிண்டே மட்டம் என்று மூன்று திசையில் ஓடிப் பார்த்தார். நான் பிய்த்த க்ளேயை டீச்சர் கையில் வைத்தேன். குங்குமத்தைப் பார்த்தார், அண்ணன் நெற்றியைப் பார்த்தார், மூலையில் பொரித்தட்டைப் பார்த்தார். வரலாறு டீச்சர். மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் குரல் இறங்கித்தான் வந்தது.

"கருப்பு ஆகாதுன்னு அந்தாளு சொன்னப்ப சிரிச்சேன். இப்ப இதப் பாத்தா என்ன சொல்லுவாரு? சாமியே வேணாம்னு கோடு போட்டுருச்சுன்னு சொல்லுவாரு. அவ என்கூட வரமாட்டா தம்பி. வரணும்னு நினைச்சாலும் வர விடமாட்டாங்க."

அண்ணன் உள்ளே போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். அடுத்த வண்டிக்காரருக்குப் போன் பண்ணி, கடையில் கரண்ட் இல்லை என்றார், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றுகொண்டே. பிறகு செக்கிங் லைட்டைக் கையில் எடுத்தார்.

"எங்கிட்டுப் பிடிக்கணும், சொல்லு."

அன்றைக்கு முழுவதும் முதலாளி லைட் பிடித்தார், நான் மெஷின் ஓட்டினேன். முதலில் கீறலைத் தேய்த்து எடுக்கிற காம்பவுண்ட், அதைத் துடைத்துப் பார்த்து, அடங்காத இடத்தில் மறுபடி காம்பவுண்ட், பிறகு ஃபினிஷிங் பாலிஷ். கறுப்பில் பாலிஷ் போடுவது கோபக்காரரிடம் சம்மதம் வாங்குவது மாதிரி. அவசரப்பட்டால் சூடாகும், சூடானால் புகை மாதிரி ஒரு மங்கல் விழும், திரும்பவும் முதலிலிருந்து. முறுக்கு வட்டங்கள் முதலில் நூலாகி, பிறகு மயிராகி, பிறகு இருந்ததா என்று சந்தேகமாகிக் கரைந்தன.

டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பொரித்தட்டை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு தடவை மெல்வதை நிறுத்தினார். நாக்கு நுனியிலிருந்து எதையோ விரலில் எடுத்து, அண்ணன் பிடித்திருந்த வெளிச்சத்துக்கு நேராக நீட்டினார். அண்ணன் லைட்டை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் முடிந்தது. டீச்சர் குனிந்து பானெட்டைப் பார்த்தார். எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரின் தேதியை அதில் இடம் வலம் மாறித் தெரிந்தபடியே வாசித்தார். எழுந்தார். நான் நீட்டிய சாவியை இந்த முறை சட்டென்று வாங்கிக்கொண்டார்.

5. தொடாத இடம்

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி வந்தார். கார் முழுக்கத் தூசி. பானெட்டின் நடுவில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குக் காய்ந்த சிவப்பு.

நடந்ததை அவரே சொன்னார். வளைகாப்பு வீட்டு வாசலில் தங்கை கணவர் சொன்னபடி காரைச் சுற்றி வந்திருக்கிறார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் பானெட்டுக்கு நேரே நின்று மீசையைச் சரிசெய்திருக்கிறார். மூன்றாவது சுற்று வரவில்லை. சோழவந்தான் போய் இறங்கினார்கள். வாசலில் ஆரத்தி எடுத்து, பெண்ணுக்குப் பொட்டு வைத்துவிட்டு, தங்கை தட்டோடு தெருவுக்குத் திரும்பும்போது, கணவர் குறுக்கே வந்து மறித்திருக்கிறார். ஆரத்தியில் கட்டைவிரலை முக்கி, நடு பானெட்டில் அவரே ஒரு பொட்டு வைத்தாராம்.

"இம்புட்டு மினுமினுன்னு இருந்தா கண்ணு பட்டுரும் அண்ணின்னாரு தம்பி. கருப்புக்கே திருஷ்டியாய்யான்னு கேட்டேன்." சிரித்துக்கொண்டே கேரி பேக்கை எடுத்து மாட்டினார். "மத்ததெல்லாம் பண்ணுங்க. இத மட்டும் தொடாதீங்க."

"ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு டீச்சர். பெயிண்ட்டத் தின்னுரும்."

"தின்னட்டும். அந்தாளு வாயால ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும். கையால குடுத்துட்டாருல்ல."

அப்படித்தான் செய்தேன். க்ளேக்கு எது அழுக்கு, எது பிரசாதம் என்று தெரியாது. ஒட்டியதை எல்லாம் எடுக்கும், தனக்குள் ஒட்டியதைக் கொண்டே எல்லாவற்றையும் கீறும். தெரிய வேண்டியது அதைப் பிடிக்கிற கைக்கு. எதை எடுக்க வேண்டும் என்று இந்தத் தொழில் எனக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிட்டது. எதை விட்டுவைக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு பானெட் தேவைப்பட்டது. சிவப்பைச் சுற்றி டேப் ஒட்டி, வெளியே நேர்கோட்டில் ஓட்டி, முனகல் அடங்கும் வரை ஓட்டி, அந்த ஓரத்தில் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் காசியண்ணன் என்னைக் கேட்காமலேயே டப்பாவுக்குப் பொட்டு வைத்தார். மூடிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று, நான்கு பக்கமும் நான்கு. பொரியைச் சல்லடையில் போட்டு அவரே சலித்தார். கம்ப்ரஸருக்கு மட்டும் இன்னும் இரண்டு பொட்டுதான். அது இன்னும் மக்கர்தான் பண்ணுகிறது.