ஊசிக்கும் கத்திக்கும் நடுவே

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். திட்டு வாங்குவதும் அதில் சேர்த்திதான். வீட்டில் சர்க்கரைக்காரர் ஒருவரை வைத்துச் சமாளிக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

கண்ணுக்குள்ளயா?

மீமிசலில் மீன் ஏலம் விடுகிற அண்ணன் ஒருவர் வந்தார். சர்க்கரை முற்றி ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் ரத்தக் கசிவு. போதாததற்குச் சவ்வு ஒன்று வளர்ந்து விழித்திரையை இழுத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தால்தான் உண்டு. அப்படியே கத்தி வைத்தால் உள்ளே ரத்தம் கொட்டும் என்பதால், முதலில் கண்ணுக்குள் ஓர் ஊசி மருந்து, கெட்ட ரத்தக்குழாய்கள் சுருங்கியதும் அந்த வாரமே ஆபரேஷன் என்று விளக்கினேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கண்ணுக்குள்ள ஊசி குத்துறதுக்கு, இதும் போனாப் போயிட்டுப் போகுதுங்க தங்கச்சி."

ஆளைக் காணோம்

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தோம். ஊசி போட்டதுதான் வினை. கசிவு நின்று, பழைய ரத்தமும் கொஞ்சம் கீழே படிய, பார்வை லேசாகத் தெளிந்துவிட்டது. ஆபரேஷனன்று மனிதரைக் காணோம். போன் போட்டால் பின்னால் ஏலச் சத்தம்.

அந்த மருந்து குழாயைச் சுருக்குகிற கையோடு சவ்வையும் இறுக்கும். நாள் கடத்தினால் விழித்திரையையே பிய்த்துவிடும். கரடியாகக் கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "வஞ்சிரம் எது, பாறை எதுன்னு நல்லாத் தெரியுது. தெரியிற கண்ணை எதுக்குங்க அறுக்கணும்?"

கட்டுப் பிரித்த காலை

விஷயத்தை அவர் மனைவி காதில் போட்டேன். மறுநாளே கையோடு இழுத்து வந்துவிட்டார். டாக்டர் சவ்வை உரித்து, வீக்கத்துக்கு மருந்து வைத்து, விழித்திரை ஒட்டிக்கொள்ளக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெயும் நிரப்பினார். எண்ணெய் இருக்கும்வரை மங்கலாகத்தான் தெரியும் என்று முன்கூட்டியே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இருந்தாலும் கட்டுப் பிரித்தபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

என் குரல் வந்த பக்கமாகத் திரும்பிச் சொன்னார்: "தெரிஞ்ச கண்ணையும் கெடுத்துப்புட்டியே ஆத்தா."

வரிசையில் ஒரு குரல்

வீட்டுக்குப் போயும் அந்தச் சொல் என்னை விடவில்லை. சில மாதம் கழித்து எண்ணெயை எடுத்தார்கள். அதற்கடுத்த செக்கப்புக்கு, பஸ் போர்டைப் படித்துத் தானே ஏறி வந்துவிட்டார். அன்று கறம்பக்குடி அம்மா ஒருவர், ஊசி போட்டதில் டி.வி. தெரிகிறது, ஆபரேஷன் வேண்டாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து நம்ம அண்ணன் சொன்னார்: "தெரியுதுல்ல? இப்பத்தாங்க பயப்படணும். உக்காருங்க."

கண் தெரியாதவர்களுக்குத் தைரியம் சொல்லவும் தெரிகிறவர்களைப் பயமுறுத்தவும் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அவர் அதைச் சும்மாவே செய்துவிட்டுப் போனார்.