எக்ஸ்ரே அறையில் ஒரு மாடு

கால்நடைத் துறைப் பேராசிரியையை எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். அண்ணன் மட்டும் இன்றுவரை, "டாக்டருக்குப் படின்னா மாட்டுக்குப் படிச்சிட்டு வந்தவ" என்பார். அவர் படித்ததும் இப்போது பாடம் நடத்துவதும் ஒரே பல்கலைக்கழகத்தில்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கென்று அரசு தொடங்கிய சிறிய இடம். எக்ஸ்ரே கருவி வந்தபோது அறைவாசலில் மாடு நுழையவில்லை. சுவரை இடிக்க அனுமதி கேட்டு எழுதினார். பதில் வந்தபோது சுவர் இல்லை.

அந்தக் கருவியை நகர வளாகத்துக்குக் கொண்டுபோக ஓர் அதிகாரி வந்தார். இங்கே பயன்பாடு குறைவாம். லாரியையும் தூக்குகிற ஆட்களையும் உள்ளூரிலேயே பிடித்திருந்தார்.

உள்ளே ஒரு கறவை மாடு. கதிர் படாமலிருக்க ஈய அங்கி போட்ட இரண்டு மாணவிகள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.

"மாட்டை வெளிய கொண்டுபோங்க மேடம். ஆர்டர் இருக்கு."

"இருக்கட்டும் சார். இது கம்பியை முழுங்கியிருக்கு. எங்க குத்தி நிக்குதுன்னு பாக்கணும்."

மாட்டுக்காரி விடவில்லை. "சிட்டியில யாருக்கு சார் இது, நாய்க்குட்டிக்கா? அப்ப மாட்டையும் சேர்த்து ஏத்துங்க. பாலை நீங்களே கறந்துக்குங்க."

தூக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்தது.

"வேலை போயிடும் மேடம்."

"போனா எங்க அண்ணனுக்குச் சந்தோஷம். தள்ளி நில்லுங்க. கதிர் உங்க மேல பட்டா அதுக்கும் என்னைத்தான் கேப்பாங்க."

அவர் தள்ளி நின்றார். படத்தில் கம்பி வயிற்றைத் துளைத்து இதயத்தை ஒட்டித் தெரிந்தது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும்.

"சரி, படம் எடுத்தாச்சில்ல? கழட்டுங்கப்பா" என்றார் அதிகாரி.

யாரும் நகரவில்லை. தூக்க வந்தவர்களில் மூத்தவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, எங்க அண்ணி மாடும் நாலஞ்சு நாளா திங்கல. முதுகைக் கூனிக்கிட்டு நிக்குது. இதுவா இருக்குமா?"

"பாக்காம எப்படிச் சொல்றது? கொண்டாங்க."

"அவ்வளவு தூரம் நடக்காதும்மா."

"லாரி சும்மாதானே நிக்குது."

மூத்தவர் சிரித்தார். மற்றவர்கள் ஏற்கெனவே லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், லாரி எதுக்கு வந்துச்சுன்னு மறந்துட்டீங்களா?"

"மெஷினுக்குத்தான் சார். மெஷினுக்குத்தான் மாடு கொண்டாரப் போறோம்."

வண்டி கிளம்பியது. அதிகாரி செல்பேசியில் மேலிடத்தைக் கூப்பிட்டார். டாக்டரம்மா மாணவிகளிடம் அறுவைக்காக மாட்டின் இடது விலாவை மழிக்கச் சொன்னார்.