என் அடுப்புக்கு மூன்று கையெழுத்து

அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் இட்லிக் கடை. வக்கீலும், டைப்பிஸ்ட்டும், ஜாமீனுக்கு அலைகிறவரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். முப்பது வருஷமாக வங்காளியில் பேசிச் சிரித்துச் சண்டை போட்டுத்தான் வியாபாரம் செய்கிறேன். வங்காள எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. இவ்வளவு பேசுகிறவனுக்குப் படிப்பு வேறு எதற்கு என்ற திமிர்.

ஒரு காலையில் வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். நாலு இட்லி சாப்பிட்டார். சாம்பார் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார். கையைக் கழுவிவிட்டுச் சுவரில் ஒரு நோட்டீஸை ஒட்டினார். என்ன என்று கேட்டேன். பதினைந்து நாளுக்குள் கரி அடுப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடை லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது என்றார். அவர் சாப்பிட்ட இட்லி வெந்ததும் அதே கரியில்தான். அது அவர் வயிற்றுக்குத் தெரியும், ஃபைலுக்குத் தெரியாது.

“பயப்படாதீங்க அண்ணா, கவர்மென்ட்டே இண்டக்‌ஷன் அடுப்பு தருது. இங்கே ஒரு கையெழுத்து” என்றார்.

போட்டேன். கடை போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அந்த நேரத்தில் யமன் பேப்பர் நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

அடுப்பு வந்தது. கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. என் மனைவி இட்லிக் குண்டானைத் தூக்கி வைத்தாள். அடுப்பு இரண்டு தரம் கூவிவிட்டு அணைந்துபோயிற்று. எங்கள் குண்டான் அலுமினியம். இந்த அடுப்புக்கு அலுமினியம் பிடிக்காதாம். சரி, தோசைக்கல் இரும்புதானே என்று அதை வைத்தோம். அடுப்பு உள்ளங்கை அகலம், கல் முற்றத்து அகலம். தோசை நடுவில் கருகியது, ஓரமெல்லாம் மாவாகவே இருந்தது.

“நல்ல திட்டந்தான். நடுவுல இருக்கறவனுக்கு மட்டும் சூடு” என்றாள்.

தினமும் எங்களிடம் சாப்பிடும் கோர்ட் டைப்பிஸ்ட் ஒருவர் தோசையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆர்டர் போடறவன் வீட்ல அடுப்பு எங்க இருக்குன்னு அவன் பொண்டாட்டியைத்தான் கேக்கணும்.” அடடா என்று மனசில் முடிந்துகொண்டேன். யாரைக் குத்துகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

விஷயம் பாடா கிளப்புக்குப் போயிற்று. பாடா என்றால் எங்கள் பேட்டை. கிளப் என்றால் கேரம் போர்டு, டிவி, பூஜைக் கமிட்டி, அப்புறம் பேட்டையில் யார் எங்கே தும்மலாம் என்கிற தீர்மானம், எல்லாம். அதன் செயலாளரை எல்லோரும் தாதா என்போம். வங்காளியில் அண்ணனைச் சொல்கிற சொல்தான், பயப்பட வேண்டாம்.

தாதா கொதித்துவிட்டார். “நம்ம பாடாவுல எதை எரிக்கணும்னு எங்கேயோ உக்காந்திருக்கறவன் சொல்றதா? அண்ணா, கரியை விடாதீங்க, கிளப் இருக்கு!” என்று வார்டு ஆபீஸுக்கு எழுதிய ஒரு மனுவை நீட்டினார். அதிலும் போட்டேன். மறுநாள் என் கடை வாசலில் பேனர் தொங்கியது. ‘எங்கள் அடுப்பு, எங்கள் உரிமை’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கட்டிய ஆறு பேர் வீட்டிலும் காஸ் அடுப்பு.

பதினைந்தாம் நாள் ஆபீஸ்காரர் வந்தார், தாதாவும் பரிவாரத்தோடு வந்தார். ஆபீஸ்காரர் ஃபைலிலிருந்து இரண்டு பேப்பரையும் எடுத்து உரக்கப் படித்தார். முதலாவதில் நான் கரியை வெறுத்து, மின் அடுப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் கரி அடுப்பு என் முன்னோர் வழி வந்தது, அதற்காக உயிரையும் கொடுப்பேன். என் முன்னோர் விறகுதான் எரித்தார்கள். கரியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

“ரெண்டும் உங்க கையெழுத்து. எது நிஜம்?” என்றார்.

பெஞ்சே என்னைப் பார்த்தது. நான் சாம்பார்க் கரண்டியை எடுத்துக் கிளறத் தொடங்கினேன்.

உள்ளேயிருந்து என் மனைவி இருமிக்கொண்டே வந்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “ரெண்டும் பொய், சார். இவர் ஒரு நாளும் அடுப்பு மூட்டினதில்ல. நான்தான் மூட்டறேன்” என்றாள் வங்காளியில். “கரி கூடாதுன்னு நோட்டீஸ் சொல்லுது, சரி. காஸ் கூடாதுன்னு எந்த வரியில இருக்கு?”

ஆபீஸ்காரர் தான் ஒட்டிய நோட்டீஸைத் தானே எழுந்து போய்ப் படித்தார். இல்லைதான்.

“ஆனா பௌதி, இது பாடாவோட உரிமைப் பிரச்சினை...” என்று தாதா ஆரம்பித்தார். பௌதி என்றால் அண்ணி.

“உரிமை உங்களுக்கே இருக்கட்டும், தாதா. நாளைக்குக் காலையில நாலரைக்கு வந்து கரியை ஊதிக் குடுங்க.”

தாதாவுக்குச் சட்டென்று கேரம் போட்டி ஞாபகம் வந்தது.

எங்கள் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பதற்காகவே வங்காள எழுத்தைக் கற்றவள் என் மனைவி. நோட்டீஸை ஒட்டிய அன்றே படித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க கேட்டீங்களா? ஏழு வருஷமா காஸ் வேணும்னு நான் கேக்கறேன். கரியில வெந்தாத்தான் ருசி, கூட்டம் அதுக்குத்தான் வருதுன்னு நீங்கதானே தீர்ப்பு சொன்னீங்க?”

ஆபீஸையும் கிளப்பையும் கிண்டல் செய்தே பதினைந்து நாளை ஓட்டியிருந்தேன். எனக்கும் ஒரு சீல் மட்டும்தான் குறைச்சல்.

ஆபீஸ்காரர் மூன்றாவது பேப்பரை நீட்டினார். கரியை எடுத்துவிட்டு காஸ் வைக்கிறேன் என்ற உறுதிமொழியாம். பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வரிவரியாக எனக்குப் படித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வரியை அடித்துத் திருத்தச் சொன்னாள், அவரும் திருத்தினார். அப்புறம், “இப்ப போடுங்க” என்றாள்.

நான் பேனாவை அவளிடம் கொடுத்தேன்.