விஸ்கி ஆலை வாசலில்

எண்பதுகளில் ஓசூரிலிருந்து ஒரு சுற்றுலா பஸ்ஸில் போனேன். காலையில் ராயக்கோட்டை மலைக்கோட்டை, மத்தியானம் கர்நாடக எல்லை தாண்டி ஒரு விஸ்கி ஆலை. எந்நேரமும் கிராம்பு மென்றுகொண்டிருந்த என் பக்கத்து இருக்கைக்காரர், கோட்டையின் வழுக்குப் பாறையில் சிரித்தபடி நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார்.

ஆலை வாசலில் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கோட்டை மட்டும்னு நெனச்சு வந்துட்டேன் சார். குடிய விட்டு ஒரு வருசந்தான் ஆவுது. நான் எறங்கப் பாத்தா விடாதீங்க."

மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். வழியை மறித்து நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே புளித்த வாடை வந்தது. திடீரென்று எழுந்தார்.

"வழி உடு."

"உக்காருங்கண்ணா."

என் தோளை இறுக்கிப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஓசூரில் இறங்கியதும் சொன்னார்: "வீட்டுக்குப் போற வழியில ரெண்டு பிராந்திக் கடை இருக்குது சார்."

"கூட வரட்டுங்களா?"

"தெனமும் வருவீங்களா?"

சிரிக்காமல்தான் கேட்டார். முதல் கடையை அவர் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் தெரு திரும்பிவிட்டது.