குசினி யன்னல்

அனலைதீவு மார்க்கண்டரின் கடைக்குட்டி மீனாம்பிகை, வாய் ஓயாத பிறவி. மார்க்கண்டர் ஆரென்றால், வேலணையில் பெண்ணெடுத்த வல்லிபுரத்தாரின் மச்சான். எழுபத்துமூன்றாம் ஆண்டில் புருசன் இராசநாயகம் அவளை லண்டனுக்குக் கூப்பிட்டபோது ஊருக்குக் குளிர் ஒரு கவலையாகத் தெரியவில்லை. இங்கிலீசில் ஒரு சொல்லும் தெரியாமல் இவள் அங்கே ஆரோடு கதைக்கப்போகிறாள் என்பதுதான் கவலை.

போய் இறங்கிய மாதமே, மீன் பொரித்த மணத்துக்காக வீட்டுக்காரன் அவர்களைப் பெட்டி படுக்கையோடு வெளியே விட்டான். பிறகு அகப்பட்டது தெரேசா என்ற கிழவியின் மேல்மாடி. இராசநாயகம் கும்பிடாத குறை.

"இஞ்ச பாரும், இந்த வீடும் போனால் றோட்டுத்தான். மீன் மணம் வரப்படாது."

"ஓம், ஓம்."

காலமை வாட்டிய பாணும் முட்டையும், பின்னேரம் பாணும் கிழங்கும். நாக்குச் செத்துப்போச்சுது. பெட்டிக்குள் சேலை மடிப்பில் தாய் சுற்றிவிட்ட பாரைக் கருவாடு 'வா, வா' என்றது. ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும் உலையை வைத்து, சமையலறை யன்னலை அகலத் திறந்து, கருவாட்டை எண்ணெயில் போட்டாள். மணம் யன்னலால் போகவில்லை. படியால் இறங்கிப் போனது.

தடதடவென்று தெரேசா ஏறிவந்து வாசலில் நின்றாள்.

போச்சு! பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. "கோவியாதேங்கோ அக்கா! குசினி யன்னல் திறந்துதான் கிடக்கு!"

கிழவியின் கண் விரிந்தது. "குசினியா? ஜனேலா?"

"ஓமோம், யன்னல்!"

"மேசா!" என்று தெரேசா மேசையில் அடித்தாள்.

"மேசை! இது கதிரை!"

"கதெய்ரா!"

"அலுமாரி!"

"அர்மாரியு!"

இரண்டு பேரும் வீடு முழுக்க ஓடி ஓடித் தொட்டுக் கத்தினார்கள். மீனாம்பிகை வாசலில் கழற்றிக் கிடந்த சப்பாத்தைத் தூக்கிக் காட்ட, அதுவும் பொருந்தியது. கருவாடு கருகப்போவதைக் கண்டது தெரேசாதான். ஒரு துண்டை வாயில் போட்டாள், கண்ணை மூடினாள், கீழே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் சுளகளவு உப்பு மீன்!

பின்னேரம் இராசநாயகத்துக்குத் தெருமுனையிலேயே மணத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்தார். மேசையில் சோறு, கருவாடு. கிழவி கையால் குழைத்துச் சாப்பிடுகிறாள்.

"இஞ்சாருங்கோ, இவ எங்கட ஆள் எண்டு ஏன் சொல்லேல்லை? குசினி, யன்னல், மேசை எல்லாம் சொல்லுறா!"

"அவ போர்த்துக்கல்காரியப்பா! அதெல்லாம் போத்துக்கேயர் எங்களுக்கு விட்டுட்டுப் போன சொல்லு."

"சும்மா விடுங்கோ. கருவாட்டிலை கைவைச்ச விதத்தைப் பார்த்தனான். நெடுந்தீவுப் பக்கம்தான். வீடு எங்கையும் போகாது, கையைக் கழுவிக்கொண்டு வந்து இருங்கோ."

தெரேசா ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.