ஊன்ட்றொப் கால்வாயில் அலைச்சறுக்கு

அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் கடற்கரையை வைத்து ஏராளமாகப் படம் எடுத்துத் தள்ளினார்கள். பலகை மேல் நின்று அலையில் சறுக்கும் பையன்கள், மணலில் காரணமே இல்லாமல் ஓர் ஆட்டம், இடையில் வம்புக்கு வரும் மோட்டார் சைக்கிள் கும்பல், கடைசியில் எப்படியும் ஒரு போட்டி. பிற்பாடு வந்தவர்கள் அதே படங்களை அதே வண்ணத்தில், அதே கொண்டையோடு, வேண்டுமென்றே இன்னும் மோசமாக எடுத்துக் கேலி செய்தார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு முன்வழுக்கை இருக்கும். நாயகன் அறைக்குள் பலகை மேல் நிற்பான், பின்னால் திரையில் கடல் ஓடும், ஓரத்திலிருந்து யாரோ வாளியால் தண்ணீர் வீசுவது அப்பட்டமாகத் தெரியும். அவன் தலைமுடி மட்டும் நனையவே நனையாது. இந்தக் கேலிப் படங்கள் என்றால் எனக்கு உயிர்.

ஜெர்மனியில் ஆஹெனுக்கு ஆராய்ச்சி மாணவனாக வந்த முதல் குளிர்காலத்தில் என்னைக் காப்பாற்றியவை இவைதான். எந்திரங்களின் அதிர்வை அளப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடைகள் மூடியிருக்கும், மழை பெய்யும், பேருந்துகூட யோசித்துத்தான் வரும். நான் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, நீச்சல் தெரியாத என் கண்களால் பசிபிக் பெருங்கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். என் அறைத்தோழன் மதுரைக்காரன். படம் தொடங்கியதும் தூங்கிவிடுவான். தனியாகச் சிரித்துச் சிரித்து எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கூடச் சிரிக்க ஓர் ஆள் கொலோனில் கிடைத்தார். பொறியியல் படித்தவன் என்றால் மைக் ரிப்பேர் செய்வான் என்பது உலகத் தமிழர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஒரு தமிழ்ச் சங்கத்து விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். மைக் என் கைக்கு அடங்கவில்லை. வெறுத்துப்போய் மண்டபத்துச் சமையலறைக்குள் நுழைந்தால், ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா ரோல்ஸ் பொரித்துக்கொண்டே, மேடையில் பேசிக்கொண்டிருந்த தலைவரைப் போலத் தொண்டையைச் செருமி, கண்ணாடியைத் தூக்கி, பேச்சை மறந்து விழித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லமொன்றில் வேலை. அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடும் எங்கள் இருவருக்கும் ஓர் அலைச்சறுக்குப் படமும் என்று ஆகிவிட்டது.

அவர் கணவரை நான் அண்ணை என்பேன். அளந்து பேசுகிற மனிதர். நாங்கள் படம் பார்க்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் இலங்கைச் செய்தி கேட்பார். எப்போதாவது நிமிர்ந்து, "உது என்ன விசர் வேலை?" என்று இரண்டு பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் கேட்டுவிட்டுத் திரும்பவும் செய்திக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் படம் முடிந்ததும் அக்கா சொன்னார்: "தம்பி, உப்பிடி ஒண்டு நாங்களும் எடுப்பமே? கோடை விழாவிலை போடலாம். என்னை எப்பவும் குசினிக்குள்ளைதான் விடுகினம். அங்கை நாலு பேர் சிரிக்கினம். எனக்கு மண்டபம் நிறையச் சிரிக்க வேணும்."

சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை திறமையை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்த சங்கத்தின் மேல் கோபம் வந்தது.

அண்ணை ஃபோனை அணைத்தார். "சனம் சிரிக்கும்."

"சிரிக்கத்தான்ணே எடுக்கிறோம். இது காமெடி."

"அது உங்களுக்கு. இவ வீட்டை வந்து அழுதா, பாக்கிறது நான்."

அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை.

கதை சுலபம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அலைச்சறுக்கில் ஆசை, அப்பா தடுக்கிறார், அவள் மீறிப் போகிறாள். பெண் அக்கா. அப்பா நான், பஞ்சுத் தாடியுடன். அதாவது அப்பாவுக்கு மகளைவிட இருபத்தைந்து வயது குறைவு. பலகைக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே வைக்கும் நாள் வந்தது. யாரோ ஓர் அலமாரிக் கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். நல்ல நீளம். கைப்பிடியும் பூட்டும் அப்படியே இருந்தன. கழற்ற வேண்டாம், பிடித்துக்கொள்ள வசதி என்று அக்கா சொல்லிவிட்டார்.

கடல்? ஊன்ட்றொப் என்ற ஊரில் ஈழத் தமிழர் கட்டிய அம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் கால்வாய்தான் கடல். அக்கா வழக்கமாகக் கும்பிடப் போகிற இடம், அம்மன் கைவிடமாட்டாள் என்றார். நானும் அறைத்தோழனும் கதவைத் தூக்கிக்கொண்டு ஆஹெனிலிருந்து ரயில் ஏறினோம். பரிசோதகர் வந்து இது என்ன என்றார். அலைச்சறுக்குப் பலகை என்றேன். கைப்பிடியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், சாவி எங்கே என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெட்டிக்குப் போனார்.

அக்காவை அண்ணை காரில் கொண்டுவந்து இறக்கினார். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். அக்கா சிவப்புச் சுடிதார் போட்டு, அதன் மேல் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை மாட்டி, தலையில் பூப்போட்ட குளியல் தொப்பி வைத்திருந்தார். "அம்மன் தீர்த்தமாடுற தண்ணி, செருப்போடை இறங்கப்படாது" என்றார். அலைச்சறுக்குக்குச் செருப்புப் போடும் வழக்கம் இல்லை என்பதால் படப்பிடிப்புக்குத் தடங்கல் வரவில்லை.

கால்வாயில் அலை கிடையாது. சரக்குப் படகு போனால்தான் உண்டு. படியில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தோம். கடைசியில் நிலக்கரி ஏற்றிய ஒரு படகு அசைந்து அசைந்து வந்தது. அறைத்தோழன் மார்பளவு தண்ணீரில் நின்று கதவைத் தாங்கிப் பிடித்தான். அக்கா அதன் மேல் ஏறி, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, மறு கையை நீட்டி, "கடலே, வா!" என்று முழங்கினார். அலை வந்தது. கணுக்கால் உயரம். மலையே சரிந்து வருவதுபோல் அக்கா அலறிய அலறலில் படகோட்டி சங்கு ஊதினார். என் கேமரா ஆடிய ஆட்டத்தை எங்கள் ஆய்வகத்துக் கருவிகளாலும் அளந்திருக்க முடியாது.

பிறகு புல்வெளியில் அப்பா காட்சி. "என் பொணத்தைத் தாண்டித்தான் நீ கடலுக்குப் போகணும்!" என்று சொல்லி நான் படுத்துக்கொண்டேன். அக்கா கதவைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே தாண்டினார். தாண்டும்போது கதவு என் மண்டையில் இடித்தது. "மன்னியுங்கோ அப்பா" என்று திரும்பினார். மறுபடி இடித்தது. வலி உண்மை, ஆனால் இவ்வளவு நல்ல காட்சி அமையாது என்று அப்படியே வைத்துவிட்டேன்.

விழா நாளன்று, பிள்ளைகளின் நடனம் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் படம். விளக்கை அணைத்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா என் பக்கத்தில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் அக்கா கையைக் கூப்பி, "அப்பா, எனக்குப் பதினாறு வயசு! கடல் என்னைக் கூப்பிடுது!" என்றார். இங்கே கூரை பறக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசை அம்மா ஒருவர், "பாவம், சின்னப் பிள்ளை" என்றார்.

நான் படுத்துக்கொண்ட காட்சியில், "தேப்பன் சரியான கல்நெஞ்சன்" என்று யாரோ பல்லைக் கடித்தார்கள். கதவு என் தலையில் இடித்தபோது, "வேணும் உவனுக்கு!" என்று ஒரு குரல் வந்தது, அதிலும் துளி சிரிப்பு இல்லை. ஒருவர் மூக்கைச் சிந்தினார். வரிசையில் டிஷ்யூ பொட்டலம் கைமாறியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரும் தமிழ்ப் படங்களில் தொந்தி போட்ட கல்லூரி மாணவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். நாயகன் மரக்குதிரையில் ஆட, பின்னால் திரையில் காடு ஓடுவதை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தவர்கள். அமெரிக்கர்கள் கேலி செய்வதற்கென்று மெனக்கெட்டுச் சேர்த்ததையெல்லாம் நாங்கள் காலங்காலமாக மனதாரச் செய்திருக்கிறோம். இந்த மண்டபத்துக்கு என் படத்தில் கோணலாக ஒன்றுமே தெரியவில்லை. அறிவாளி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை?

அக்கா என் காதருகே குனிந்தார். "தம்பி, ஏன் ஒருத்தரும் சிரிக்கேல்லை? நான் வடிவாச் செய்யேல்லையோ?"

திரையையே பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என்னையும் படத்தில் ஒன்றிப்போனவன் என்று நினைத்திருப்பார்.

அலைக் காட்சி வந்தது. "ஐயோ, விழப்போறாள், பிடியுங்கோ!" என்று பெண்கள் பதறினார்கள். அந்தப் பதற்றத்துக்கு நடுவே, பின்வரிசையிலிருந்து வடை தொண்டையில் சிக்கியது போல ஒரு சத்தம். பிறகு ஒரு கேவல். பிறகு மடை உடைந்த மாதிரி சிரிப்பு. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அண்ணை. நாற்காலியில் மடங்கி, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதேங்கோ!" "ஒரு பெட்டை தண்ணிக்குள்ளை தத்தளிக்குது, இவருக்குச் சிரிப்பு!" நாலா பக்கமும் ஏச்சு. அவர் அடக்கப் பார்த்தார், அது இன்னும் மோசமாயிற்று. சங்கத்துத் தொண்டர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. வெளியிலை நிண்டு சிரியுங்கோ."

அக்கா எழுந்து பின்னாலேயே போனார். நானும் போனேன்.

நடைவழியில், தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே அண்ணை சாய்ந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எந்த இடத்திலை சிரிப்பு வந்தது?" என்றார் அக்கா.

"நீர் அந்தக் கதவோடை..." அண்ணையால் முடிக்க முடியவில்லை. "தாண்டிப்போட்டு... திரும்பி... அப்பவே அடக்கினனான்... எனக்கு ஏலாது..." பக்கத்தில் இருந்த குடையை எடுத்துத் தோளில் வைத்து, ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டினார்.

"அப்பிடி இல்லை" என்று அக்கா குடையைப் பிடுங்கினார். "தாண்டேக்கை மூஞ்சி இப்பிடி இருக்க வேணும்." தாண்டினார், திரும்பினார், மன்னிப்புக் கேட்டார், மறுபடி இடித்தார். அண்ணை தரையில் உட்கார்ந்து ஒரு கோட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

உள்ளே படம் முடிந்தது. கைதட்டல், விசில், எல்லோரும் எழுந்து நிற்க நாற்காலிகள் நகரும் சத்தம். தலைவர் மைக்கில் அக்காவை மேடைக்கு அழைத்தார். நான் மண்டபத்துக் கதவைத் திறந்து பிடித்தேன். "அக்கா, உங்களைத்தான் கூப்பிடுறாங்க. மண்டபமே எழுந்து நிக்குது."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ தம்பி. இவருக்கு அந்த அலை வாற இடத்தைக் காட்டிப்போட்டு வாறன்."