லீவில் என்னோடு வந்த கிணறு

போன மாதம் மாத்தளை பஸ் நிலையத்துக் கடையொன்றில் ஜிஞ்சர் பியர் கேட்டேன். கடைக்காரர் மூடியைத் திறந்ததுதான் தாமதம், நுரை பொங்கி என் சட்டைக் கையை நனைத்துவிட்டது. அவர் துணியைத் தேடி ஓட, எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நுரையை நம்பித்தான் நான் பல வருடம் சோறு தின்றேன் என்றால் அந்த மனிதர் நம்பியிருக்க மாட்டார்.

வளைகுடா நாடொன்றின் எண்ணெய் வயலில் எனக்கு வேலை. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் சொந்தக்காரர்கள், நான் வெளிநாட்டில் கிணறு வெட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை. மண்வெட்டி பிடிக்கிறவன் என்றாவது கொஞ்சம் மதிப்பு இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவன் என்று தெரிந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

கிணறுகளுக்கும் வயதாகும். வயதானால் எண்ணெய் தானாக மேலே வராது. அப்போது எண்ணெய்க் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக எரிவாயுவைக் கீழே அனுப்பி, அடி ஆழத்தில் ஒரு வால்வு வழியே குழாய்க்குள் விடுவார்கள். வாயு கலந்ததும் எண்ணெய் லேசாகி, அந்த ஜிஞ்சர் பியர் போலப் பொங்கி வரும். கேஸ் லிஃப்ட் என்று பெயர். குழாய் நெடுக இப்படிப் பல வால்வுகள். ஒன்று பழுதானால் கிணறு விக்கும், திணறும், நின்றுபோகும். எது பழுது என்று இறங்கிப் பார்க்க முடியாதே! அதனால் கம்ப்யூட்டருக்குள் அதே ஆழம், அதே அழுத்தம், அதே சூடு என்று கொடுத்துப் போலிக் கிணறு ஒன்றைக் கட்டுவோம். ஒழுங்கான கிணறு எப்படி நடக்கும் என்று அது ஒரு கோடு போட்டுக் காட்டும். நிஜக் கிணற்றில் அளந்து எடுத்த கோட்டை அதன்மேல் வைத்தால், இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கே நோய். இதுதான் என் தொழில்.

யுத்தத்தின் கடைசிக் காலம். லீவில் மாத்தளைக்கு வந்திருந்தேன். என் மனைவியின் தம்பி செல்வம், பண்டா முதலாளியின் மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். வாயில் எந்நேரமும் ஏதாவது பாட்டு. பாதிப் பாட்டுக்கு மேல் வரி தெரியாது, மீதியை விசிலால் நிரப்புவான். ஒருநாள் மத்தியானம் லொறியைப் பண்டா முதலாளியே ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கை காலி. நாலந்தாவுக்குக் கிட்ட இருந்த செக்பொயின்டில் ஆமிக்காரர்கள் செல்வத்தை இறக்கிப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். அவனுடைய போனில், வடக்கே யுத்தப் பக்கத்து வவுனியா நம்பர் ஒன்று இருந்ததாம். வெங்காயம் வாங்குகிற கடைக்காரருடைய நம்பர் என்று முதலாளி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். அவர் எங்கள் வாசலில் நின்றபடியே அழுதார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

அத்தையை, அதாவது என் மாமியாரை, கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். நன்றாக அயர்ன் பண்ணிய சட்டை, அதன் பையில் கம்பெனி அட்டை வெளியே தெரிகிற மாதிரி. என் சிங்களமும் மோசமில்லை. சார்ஜன்ட் மரியாதையாகத்தான் பேசினார். அப்படி ஒருவர் இங்கே இல்லை, நாளைக்கு வந்து பாருங்கள் என்றார். பிறகு அட்டையைப் பார்த்துவிட்டு, என்னுடைய கம்பெனியில் தன் மருமகனுக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த நாட்களில்தான் வயலிலிருந்து எனக்கு ஈமெயில் வந்தது. கிணறொன்று கொஞ்ச நேரம் பாய்கிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது. அளவுகளை அனுப்பியிருக்கிறோம், பார்த்துச் சொல் என்று. பொலிஸில் பத்து மணிக்கு முன் யாரும் பேச மாட்டார்கள். அதுவரை கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த பாயிஸ் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் என் லெப்டொப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானா அத்தைக்கு ஒரு கதிரை போட்டுப் பிளேன்டீயும் கொடுத்தார். அத்தை குடிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

போலிக் கிணற்றின் கோட்டின்மேல் நிஜக் கோட்டை வைத்தேன். பாதி ஆழத்துக்கு மேலேயே இரண்டும் பிரிந்தன. மேலே மூடியிருக்க வேண்டிய ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. வாயு அதன் வழியாகவே போய்விட, அடியிலிருந்த எண்ணெய் தூக்க ஆளில்லாமல் கிடந்தது. அந்த வால்வை மூடியதாக வைத்துத் திரும்ப ஓட்டினேன். போலிக் கிணறு சீராகப் பாய்ந்தது.

இது என்ன என்று அத்தை கேட்டார். தூரத்தில் ஒரு கிணறு, எங்கே அடைத்திருக்கிறதென்று பார்க்கிறேன் என்றேன். அத்தை குனிந்து திரையைப் பார்த்தார்.

"கடலுக்கு அந்தாண்ட, மண்ணுக்குள்ள இருக்கிறதெல்லாம் தெரியுதே தம்பி," என்றார். "நம்ம செல்வத்த எங்க வச்சிருக்காங்கன்னு இதுல பாக்க ஏலாதா?"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"ஏலாதுங்க அத்த."

"செரிங்க தம்பி," என்று போய்க் கதிரையில் உட்கார்ந்தார். நானா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வால்வை மாற்றச் சொல்லி நான் ஈமெயில் அனுப்பினேன். பிறகு பொலிஸுக்குப் போனோம். கொழும்புக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்றார்கள். கொழும்பில், அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள்.

லீவு முடிந்தது. போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அத்தை கொழும்புக்கு அலையக் காசும் இல்லை. போனேன். அங்கே கிணறு சரியாகிவிட்டிருந்தது. மேலதிகாரி எல்லாரையும் கூட்டி வைத்து, லீவிலிருந்துகொண்டே கண்டுபிடித்தவன் என்று என் முதுகில் தட்டினார். கேக் வெட்டினார்கள். ஒரு துண்டை என் கையில் கொடுத்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் தின்றேன்.

செல்வம் வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்த பிறகும், போக இடமெல்லாம் தீர்ந்த பிறகும், அத்தை மாதத்துக்கு ஒருதரம் பஸ் ஏறி நாலந்தாவில் இறங்கி, அவனை இறக்கிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். எதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பாயிஸ் நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள்.

அண்மையில் நானும் மனைவியும் தம்புள்ளைக்குப் போனோம். நாலந்தா வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தோம். மண்மூட்டை இல்லை, பீப்பாய் இல்லை, தகரக் கொட்டகை இல்லை. வழுவழுவென்று ரோடு. செக்பொயின்ட் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டக்டரிடம் கேட்டேன். சின்னப் பையன், இங்கே அப்படி எதுவும் இருந்ததில்லையே என்றான். மனைவி ஒரு மதகைக் காட்டி, அங்கேதான் என்றாள். எனக்கென்னவோ அதைத் தாண்டியிருந்த மாமரத்தடி என்று பட்டது. அத்தை இருந்திருந்தால் சரியாகக் காட்டியிருப்பார். நாங்கள் முடிவுக்கு வருமுன் பஸ் இரண்டையும் தாண்டிப் போய்விட்டது.